நினைவு மலரில் வந்த நிரல்

தவநாயகிக்கு வந்த கடிதம் பதினொரு பக்கம். அதில் பத்துப் பக்கம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிய ஒரு பக்கமே தூக்கத்தைக் கெடுக்கப் போதுமாயிருந்தது. இரண்டு ஆட்களின் விவரங்களைக் கணினியில் பதிந்து, ஒப்பிட்டு, இவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகும் என்று புள்ளி போட்டுக் காட்டுவது தங்களுடைய கண்டுபிடிப்பு என்கிறது ஓர் அமெரிக்கக் கம்பனி. தொண்ணூற்றொன்பதிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்களாம். தவநாயகி தன்னுடைய திருமணப் பொருத்த இணையத்தளத்தை இருபத்தெட்டு நாளுக்குள் மூடாவிட்டால் வழக்கு.

கேட்டீர்களா அநியாயத்தை! நட்சத்திரம் பார்த்து, கணம் பார்த்து, பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று நம்முடைய ஆட்கள் எந்தக் காலத்திலிருந்து பார்க்கிறார்கள்! அதைக் கணினியில் தட்டினால் மட்டும் யாரோ ஒருவனின் சொத்தாகிவிடுமா?

"அந்தக் கம்பனி அப்பிடி என்ன செய்யுது?" என்று கேட்டார் அவளுடைய கணவர் பத்மநாதன். பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்டும் செய்யேல்லை. இப்பிடிக் கடிதம் போடுறதுதான் அவையின்ரை தொழில்."

"அட, நல்ல தொழிலாக் கிடக்கே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டு, மாலை வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு, மூன்று வருடமாக ஒவ்வொரு வரியையும் தானே எழுதியிருந்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பதிந்திருந்தன. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு மற்றவர்களுடைய வேலையையே செய்தவள், இது என்னுடையது என்று சொல்லிக்கொண்ட முதல் விஷயம் அது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்குத் துளியும் மனமில்லை.

மறுநாள் வெம்பிளிக்குப் போனாள். அங்கே சட்டத்தரணியாக இருக்கும் மேனுஷா தூரத்துச் சொந்தம், லண்டனில் பிறந்த பிள்ளை.

"அக்கா, திஸ் இஸ் ரிடிக்குலஸ்," என்றாள் மேனுஷா. "இப்பிடிப் பார்த்தால் உலகத்தில பாதிப் பேர் இவையளுக்குக் குற்றவாளி. ஆனால் கோர்ட்டில சும்மா கோவிச்சுப் பிரயோசனமில்லை. தொண்ணூற்றொன்பதுக்கு முன்னம் ஆரோ இதைச் செய்து, வெளியிட்டிருக்கவேணும். அச்சில வந்து சனத்தின்ரை கைக்குப் போயிருக்கவேணும். அப்பிடி ஒண்டு கிடைச்சால் பேட்டன்ட் நிக்காது."

இதை இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது பத்மநாதனுக்குப் புட்டுப் புரையேறிவிட்டது.

"குகதாசன் அண்ணை!" என்றார் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. "அவர்தானே செத்தவீட்டுப் புத்தகத்தில போட்டவர்!"

விஷயம் இதுதான். குகதாசன் வால்தம்ஸ்டோவில் அச்சகம் வைத்திருப்பவர். அவருடைய தகப்பன் குலசேகரம் தொண்ணூற்று மூன்றில் காலமானபோது, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்து ஆட்களின் வழக்கம் தெரியும்தானே: முதற்பக்கத்தில் ஆளின் படம், பிறகு வம்ச வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், மருமக்களின் புலம்பல். கடைசியில், சனத்துக்குப் பயன்படட்டும் என்று கைவைத்தியமோ நல்லநேரமோ. குலசேகரம் சாத்திரம் பார்ப்பதில் சூரன். குகதாசனுக்கோ அப்போது கம்ப்யூட்டர் விசர் பிடித்திருந்த காலம். தகப்பனிடம் கேட்டுக் கேட்டு, பொருத்தம் பார்த்துப் புள்ளி போடும் கணினி நிரல் ஒன்றை எழுதியிருந்தார். மனிதர் கைவைத்தியத்துக்குப் பதில் அதைத் தூக்கி ஆறு பக்கத்துக்குப் போட்டுவிட்டார். அதை இயக்கும் விதமும், உதாரணத்துக்கு ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும் வேறு!

பந்தியில் இலை போட்டபோதே சிரிப்புத் தொடங்கிவிட்டது. "அண்ணருக்கு மோட்சம் கேட்கச் சொன்னால், இவன் மெஷினுக்குப் பாடம் நடத்துறான்," என்றாராம் தகப்பனின் தங்கை அருள்மலர் மாமி. அந்தப் பேச்சு லண்டன் முழுக்கச் சுற்றியது. பதின்மூன்று வருடமாகியும் கல்யாண வீடுகளில் யாராவது கேட்பார்கள்: "தம்பி, அடுத்த மலர் எப்ப?" அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

தவநாயகி அச்சகத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் குகதாசன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பிடி ஒரு புத்தகம் இல்லைத் தங்கச்சி. எரிச்சிட்டன்."

"எல்லாத்தையுமோ அண்ணை?"

"என்னட்டை இருந்ததை." ஒரு தாளை எடுத்து மெஷினில் செருகினார். "அப்பாவுக்கெண்டு நான் மனசாரச் செய்த ஒரே காரியம். அதுவும் பகிடியாப் போச்சு. திரும்பவும் என்னைச் சபையில இழுக்காதை."

அவள் மேலே வற்புறுத்தவில்லை. கடிதத்தை மட்டும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வேண்டாவெறுப்பாகத்தான் வாசிக்கத் தொடங்கினார். நாலாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது அப்பா சொல்லித்தந்த வழியெல்லோ! ஆரடா இவன் தன்ரை எண்டு சொல்ல? நட, மாமி வீட்டை போவம்!"

மாமி வீட்டுச் சாமி அறையில் மலர் பத்திரமாக இருந்தது. செத்தவரின் படமும் தேவாரமும் உள்ள புத்தகத்தை எந்த வீட்டில் எறிவார்கள்? ஆண்டு, திகதி, அச்சக முகவரி எல்லாம் தெளிவாக இருந்தன. வெம்பிளிக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் மேனுஷா துள்ளிக் குதித்தாள். உடனேயே நெற்றியைச் சுருக்கினாள்.

"அங்கிள், இது அண்டைக்கே சனத்துக்குக் குடுத்தது எண்டு சாட்சி வேணும். பதின்மூண்டு வருசம். இப்ப ஆருக்கு ஞாபகம் இருக்கும்?"

"பிள்ளை," என்றார் குகதாசன் கசப்பாக, "அதுக்கு மட்டும் குறைச்சலே இல்லை."

உண்மைதான். தவநாயகி போன் போட்டுக் கேட்ட அத்தனை பேருக்கும் அந்த நாள் நேற்று நடந்ததுபோல் ஞாபகமிருந்தது. இரண்டு வார இறுதிகளில் முப்பத்தெட்டுப் பேர் மேனுஷாவின் அலுவலகத்துக்கு வந்து சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சிரித்தோம், அதனால் மறக்கவில்லை. கடைசியாக வந்த அருள்மலர் மாமி பேனையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"பக்கத்தில நிக்கிற பெடியனைப் பார்த்துச் சிரிச்சனான் எண்டு எப்பிடி எழுதுறது?"

குகதாசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எழுதுங்கோ மாமி, வடிவா எழுதுங்கோ. நீங்கள் எவ்வளவு சிரிச்சியளோ அவ்வளவுக்குக் கேஸ் பலம்!"

மாமி ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிறகு குகதாசனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாக்கை அறுக்கவேணும் தம்பி," என்று அழுதேவிட்டார்.

மேனுஷா மலரின் பிரதியையும் சாட்சிகளையும் கம்பனிக்கு அனுப்பினாள். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு பக்கம். தங்கள் கோரிக்கையைக் கம்பனி முழுதாகக் கைவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். தவநாயகி போட்ட கூச்சலில் பத்மநாதன் குளியலறையிலிருந்து சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார்.

அன்றைக்கே கடிதத்தோடு வால்தம்ஸ்டோவுக்குப் போனாள். குகதாசன் மெதுவாக வாசித்து, ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். எந்த வெளியீட்டைக் கண்டு பின்வாங்குகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

"மிஸ்டர் குலசேகரம் எண்டு போட்டிருக்கினம்," என்றார். கண் கலங்கிவிட்டது. "மிஸ்டர் எண்டு."

"ஓம் அண்ணை. ஒரு கொப்பி எடுத்துத் தரட்டோ?"

"வேண்டாம். நானே அடிக்கிறன்," என்று மெஷினைப் போட்டார் குகதாசன். "சொந்தக்காரர் ஒருத்தரும் இதை வாசிக்காமல் தப்பக்கூடாது."