காசு கொடுத்த ஊசி

மிளகாய் மில்லில் இருமாதவர் யார்? டன்லப் ஸ்திரீட்டின் பின்சந்தில் இருந்த பூவம்மாவின் மில்லுக்குள் கால் வைத்தால் சாமியே ஆனாலும் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் வரம் கொடுக்கும். அரைக்க வருகிற பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். மெஷின் ஓட்டுகிற மருதப்பன் வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பான், அப்படியும் இருமுவான். அந்த இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பூவம்மாவே கேலி பேசியிருக்கிறாள்.

ஒருநாள் காலையில் அவன் குழாயடியில் அந்தத் துண்டை அவசர அவசரமாகக் கசக்கிக்கொண்டிருந்தான். மிளகாய்ப்பொடியும் சிவப்புத்தான். ஆனால் தண்ணீர் பட்டால் அது இப்படி இழை இழையாகப் பிரியாது. பார்த்துக்கொண்டு நின்ற பூவம்மா குழாயை மூடினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"சூடுதான்க்கா. மிளகாய்ச் சூடு. மோர் குடிச்சா சரியாயிடும்."

மோர் குடித்தால் தீருகிற சூடு அல்ல அது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அறுபதாம் ஆண்டு அது. சிங்கப்பூர் முழுக்க டிபி என்றால் குலைநடுங்கிய காலம். ஃபேரர் பார்க் திடலில் சர்க்கார் எக்ஸ்ரே வண்டி வந்து நின்றது. வந்து நெஞ்சைக் காட்டினால் போதும், காசு வேண்டாம் என்று ஒலிபெருக்கி தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் மாறி மாறிக் கூவியது.

அன்று மத்தியானமே மருதப்பனின் மனைவி லட்சுமி மில்லுக்கு வந்தாள். பஃபலோ ரோட்டில் ஒரே அறையில் மூன்று பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"அக்கா, அந்த வண்டிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? நோவுன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில சும்மாவே பாக்கிறாங்களாம்லா."

"சும்மா கிடைக்கிறது சும்மாத்தான் இருக்கும்" என்றாள் பூவம்மா. "காசு கொடுத்தாத்தான் மருந்துக்கு வேகம். தர்மாஸ்பத்திரிக்குப் போனவங்க எப்படித் திரும்பி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிறேன், நீ வாயைத் திறக்காத."

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். புருஷன் துரைசாமி செத்தபோது அவர் சந்தா கட்டிய தொழிற்சங்கத்திலிருந்து ஒரு மலர்வளையமும் ஒரு பேச்சாளரும் வந்தார்கள்; பேச்சாளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அதோடு சரி. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த மெஷினை வாங்கிப் போட்டவள் அவள். கையை ஊன்றித்தான் கரணம் போட வேண்டும், தவறி விழுந்தால் தாங்க ஒரு வலையும் கிடையாது என்பது அவள் அனுபவித்துக் கற்ற பாடம். சர்க்காரோ சங்கமோ எதையாவது இலவசமாகக் கொடுக்கிறேன் என்றால் அவளுக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

போதாக்குறைக்கு, எதிர்ச்சந்தில் நாகூர் கனி புது மில் திறந்திருந்தார். அவர் மனைவி நஃபீசா சல்லடை முன்னால் உட்கார்ந்து மாவைப் பூப்போலச் சலித்துக் கொடுப்பாள். அதைப் பார்த்துப் பூவம்மாவும் புதுச் சல்லடை வாங்கினாள், அரைக்கும் கல்லைக் கொத்த வைத்தாள், தரையைத் தினமும் கழுவ வைத்தாள். போட்டி வந்த பிறகுதான் தெருவுக்கே நல்ல மாவு கிடைத்தது என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். கடை வைத்தவளுக்குப் பயம் இருந்தால்தான் மாவு நைசாக வரும் என்பாள். எல்லாம் சரிதான். ஆனால் போட்டி நடக்கிற தெருவில் நோய்க்கு இடமில்லை. டிபிக்காரன் அரைத்த மசாலா என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் எல்லாத் தூக்குச்சட்டியும் கனி மில்லுக்குப் போய்விடும். மில் படுத்தால் மருதப்பன் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? இந்தக் கேள்வியைத்தான் அவள் லட்சுமியிடம் கேட்டாள். லட்சுமி வந்த வழியே திரும்பிப் போனாள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பழைய கம்பவுண்டர் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்தார். புது மாதிரி ஊசி, வெள்ளைக்காரன் மருந்து, விலைதான் கொஞ்சம் கூட என்றார். விலை கூட என்றதுமே பூவம்மாவுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. கைவளையலைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தாள். பொழுது சாயும் நேரமாகப் பார்த்து மருதப்பனைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தாள். யாராவது எதிர்ப்பட்டால் கோயிலுக்குப் போகிறோம் என்றாள்.

ஊசி வேலை செய்தது. அதுதான் கொடுமை. சில வாரங்களில் மருதப்பன் இருமுவது குறைந்தது, முகத்தில் களை வந்தது, சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். துண்டும் சுத்தம். இனிமேல் ஊசி வேண்டாம், உடம்பு தேறிவிட்டது என்று கம்பவுண்டரும் சொன்னார்; பூவம்மாவுக்கும் பை காலி. "பாத்தியா, காசுக்கு இருக்கிற மரியாதையை" என்று லட்சுமியிடம் பெருமை அடித்துக்கொண்டாள். லட்சுமி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

தீபாவளி நெருங்கியது. மில்லில் நிற்க இடமில்லை. முறுக்கு மாவு, மல்லி, மிளகாய் என்று மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. மருதப்பன் மறுபடியும் இருமினான். பூவம்மா அதைக் கேட்டாள்; மிளகாய் அதிகம், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை, சந்து கொள்ளாத கூட்டத்துக்கு நடுவில், அவன் மெஷினைப் பிடித்துக்கொண்டே மடங்கி உட்கார்ந்தான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நிற்காமல் ஓடிய மெஷினைப் பூவம்மாதான் போய் நிறுத்தினாள்.

அன்றைக்கே அவள் கதை கட்டிவிட்டாள். வயிற்றுப்புண், வேளைக்குச் சாப்பிடமாட்டான், குடல் வெந்துபோச்சு. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் கனி மில்லுக்குப் போனார்கள். மில் மிச்சப் பாதியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மெஷினை அவளே ஓட்டினாள்.

அடுத்த வாரம் வெள்ளை உடுப்பும் கறுப்புக் குடையுமாக ஒரு மிஸ்ஸி சந்துக்குள் நுழைந்தாள். குணமணி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரி, டிபி நோயாளிகளின் வீடு வீடாகப் போகிற நர்ஸ். அந்த உடுப்பைக் கண்டதும் பூவம்மாவுக்கு உயிர் போய்த் திரும்பியது. மில்லில் நின்றிருந்த இரண்டு பெண்களுக்குத் தெரியாமல் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் உங்கட மில்லைப் பூட்ட வரேல்லை" என்றாள் குணமணி. "ஒரு விசயம் கேக்க வந்தனான். மருதப்பனுக்கு ஆர் ஊசி போட்டது?"

"காசு கொடுத்துத்தான் போட்டோம் மிஸ்ஸி. நல்ல ஊசி."

"நல்ல ஊசிதான். குளிசை ஒண்டும் குடுக்கேல்லையோ? தனிய ஊசி மட்டுமோ?"

"மாத்திரை எல்லாம் இல்லை, ஊசிதான். இருமல் நின்னுடுச்சே."

"நிண்ட உடன ஊசியையும் நிப்பாட்டிப் போட்டியள், என்ன?"

பூவம்மா தலையை ஆட்டினாள். குணமணி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இந்த வருத்தத்துக்கு ரெண்டு மூண்டு மருந்து சேத்து, ஒரு வருசத்துக்கு மேல குடுக்க வேணும். ஒண்டை மட்டும் அரைகுறையாப் போட்டா கிருமி அதுக்குப் பழகிப்போடும். இப்ப அந்த ஊசி அவருக்கு வேலை செய்யுதில்லை. மிச்ச மருந்தை வச்சுத்தான் நாங்கள் போராடுறம்."

"பிழைப்பானா?"

"பாப்பம் எண்டுதான் டொக்டர் சொல்லுறார். அந்த வண்டி வந்த நேரமே வந்திருந்தா இந்தக் கேள்வி வந்திராது."

"எவ்வளவு செலவானாலும் நான் தர்றேன் மிஸ்ஸி. மில்லை வித்தாவது தர்றேன்."

"காசை ஆரம்மா கேட்டது?" என்றாள் குணமணி. அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே பூவம்மாவுக்கு அது சூடு வைத்ததுபோல் இருந்தது. "அவர் ஆசுப்பத்திரி வாட்டில இருக்கிற வரைக்கும் வீட்டுச் செலவுக்கு சர்க்கார் வெல்ஃபேரில உதவி குடுப்பினம், லட்சுமிக்கு எழுதியாச்சு. பிள்ளையளுக்கும் எக்ஸ்ரே படம் பிடிச்சாச்சு, சுகம். நீங்கள்தான் மிச்சம். நாள் முழுக்க அவரோட இந்தப் புழுதிக்குள்ள நிண்டிருக்கிறியள். டிபி கிளினிக்குக்கு வாங்கோ."

"என்னை அங்க பாத்தா இந்த மில்லு முடிஞ்சுது."

"வராட்டி நீங்கள் முடிஞ்சு போவியள்" என்று சொல்லிவிட்டுக் குணமணி குடையை எடுத்தாள்.

அந்த வாரம் பூவம்மா எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. லட்சுமி தன் காலைத் தொட்டது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்த வண்டி திடலில் காத்துக்கொண்டு நின்றது. போகாதே என்று தடுத்தது இவள் வாய். வளையலை அடகு வைத்து ஒரு மனிதனின் மருந்தைக் கெடுத்திருக்கிறாள். தர்மம் செய்ததாக அல்லவா நினைத்திருந்தாள்? நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கிளினிக் பக்கம் போகவில்லை. பயம், மானம், மில் மூன்றும் சேர்ந்து அவள் காலைக் கட்டிப் போட்டிருந்தன. இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு, இது மிளகாயா வேறா என்று காத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு நாகூர் கனி பின்வாசல் வழியாக வந்து நின்றார். மில்லில் யாரும் இல்லை. மெஷினை விலைக்குக் கேட்க வந்திருக்கிறார் என்று பூவம்மா நினைத்தாள். மனிதர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அக்கா, மருதப்பனுக்கு ஊசி போட்டீங்களே, எங்க போட்டீங்க?"

"எந்த ஊசி? அவனுக்கு வயித்துப்புண்ணு."

"வேணாம்க்கா. நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் போறதையும், அவன் ஊசி போட்ட கையைத் தேச்சுக்கிட்டுத் திரும்புறதையும் நானே பாத்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லலை. ஊசி போட்ட பிறகு நல்லா இருந்தானே, அந்த இடத்தை மட்டும் சொல்லுங்க. நஃபீசாவுக்கு ரெண்டு நாளா ரத்தம் வருது."

பூவம்மா முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சந்தில் கனி மில்லின் வாசலில் நீண்ட வரிசை நின்றுகொண்டிருந்தது. முக்கால்வாசி அவளுடைய பழைய வாடிக்கை. அத்தனை மாவும் நஃபீசாவின் சல்லடை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம், கேட்டதற்குப் பதிலாகக் கம்பவுண்டர் வீட்டு வழியைச் சொன்னால் போதும். இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஊசியும் வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. பிறகு அந்த மில் தானாகப் படுக்கும். அந்த நினைப்பு தன் மனசுக்குள் வந்ததே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

"அந்த ஊசி வேணாம் பாய்" என்றாள். "அதைப் போட்டுத்தான் மருதப்பனைக் கெடுத்தேன். நான்தான் கெடுத்தேன். நஃபீசாவைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னிக்கே."

"அங்க போறதை நாலு பேர் பாத்தா..." கனி திரும்பிப் பின்வாசலைப் பார்த்துக்கொண்டார். "கடன் வாங்கிப் போட்ட மில்லு அக்கா. அவளும் வரமாட்டேங்கிறா. செத்தாலும் பரவாயில்லை, கடை போகக்கூடாதுங்கிறா."

தன் வாயிலிருந்து வந்த சொல் இன்னொரு பெண்ணின் வாயிலும் வந்திருப்பதைக் கேட்டபோது பூவம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். முகத்தைக் கழுவினாள். முன்கதவைப் பூட்டிவிட்டு எதிர்ச்சந்துக்குக் கடந்து நேராகக் கனி மில்லின் வாசலுக்குப் போனாள். கனி திகைத்துப்போய்ப் பின்னால் ஓடி வந்தார். காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சல்லடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நஃபீசா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நஃபீசா" என்றாள் பூவம்மா, கடைசியில் நின்ற பெண்ணுக்கும் கேட்கும்படி. "மருதப்பனுக்கு வந்தது வயித்துப்புண்ணு இல்லை, டிபி. எனக்கும் ஒட்டியிருக்குமோன்னு எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்காங்க. தனியாப் போகப் பயமா இருக்கு. துணைக்கு வாம்மா."

பயமாக இருக்கிறது என்றது பொய்யில்லை.

நஃபீசா புருஷனைப் பார்த்தாள். கனி அவள் கையிலிருந்த சல்லடையை வாங்கிக்கொண்டார். அவள் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பூவம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. இரண்டு பேரும் வெளியே வந்தபோது வரிசை ஒதுங்கி வழிவிட்டது. முதலில் ஒருத்தி முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள், பிறகு எல்லாரும் பொத்திக்கொண்டார்கள். அத்தனை பேருடைய கண்ணும் பூவம்மாவின் மேல்தான் இருந்தது.