பாதிப் பெயர்

ஆரத்தி எடுத்த பெண் பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சேர்த்து அகலமாகச் சுற்றினாள். வேட்பாளருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. தட்டைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள். அறிவு ஒன்றும் நடக்காதவன் போல நெற்றியைக் காட்டினான்.

ஜேடர்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊர்தான் அவனுக்குச் சொந்த ஊர். வார்டு உறுப்பினராக ஆரம்பித்ததும் அங்கேதான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவனே போவான். அடுத்த தேர்தலில் ஊராட்சித் தலைவர் ஆனான். பிறகு அந்தப் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனைவி நிலாவை நிறுத்தினான். நாற்காலி அவளுக்கு, அதிகாரம் தனக்கு என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் ஊர் அவளைத்தான் தேடி வந்தது. அவள் சம்பாதித்த நல்ல பேரில்தான் அவன் சட்டமன்றத்துக்கே போனான்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. இப்போது இரண்டாவது முறையாக, தனியாக, ஓட்டுக் கேட்கிறான்.

குடிநீர்த் தொட்டியடியில் தேர்தல் பறக்கும் படையின் ஜீப் நின்றது. தொட்டியின் சுவரில் நீல எழுத்தில் ‘தலைவர் நிலா அறிவு’ என்றிருந்தது. டேங்க் ஆபரேட்டர் சின்னான் வெள்ளை பெயிண்ட் வாளியோடு மேலே ஏறி நின்றுகொண்டிருந்தார்.

“இறங்குங்க சின்னாண்ணா!” கட்சியின் ஒன்றியச் செயலாளர் மாரியப்பன் வேனிலிருந்து குதித்தார். “ஏனுங்க சார், செத்தவங்களைக்கூட உட மாட்டீங்களா?”

ஜீப்பருகே நின்ற அதிகாரி ரூபன் சேலத்துக்காரர். வெயிலில் முகம் சிவந்திருந்தது. “அம்மா பேர்ல பிரச்சினை இல்ல சார். கூடவே வேட்பாளர் பேரும் இருக்கு. எதிர்க்கட்சிக்காரங்க போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க.”

“தாளை ஒட்டி மறைங்க. ஓட்டு முடிஞ்சா கிழிச்சுக்கறோம்.”

“போன தடவை ஒட்டினது காத்துல பறந்து, அதுக்கும் புகார் வந்துச்சு சார். இந்தத் தடவை பெயிண்ட்தான்.”

மாரியப்பன் அறிவின் காதருகே வந்தார். “அந்தப் பேருதானுங்க நமக்கு ஓட்டே. ஒரு வார்த்தை சொல்லுங்க, பொம்பளைங்களை ரோட்டுல உக்கார வெச்சர்றேன். நிலாக்கா பேரை அழிக்கறாங்கன்னு டிவியில வரட்டும். அப்புறம் நீங்க ஊட்டுல படுத்திருந்தாலே ஜெயிச்சரலாம்.”

பேசிக்கொண்டே அவர் ஆரத்திப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அறிவு தொட்டியைப் பார்த்தான்.

‘தலைவர் நிலா’ என்று மட்டும் எழுதிவிட்டு பெயிண்டர் இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. அறிவுதான் அவனை மறுபடி ஏறச் சொன்னான். கீழே நின்ற நிலா சிரித்தாள். “தொட்டிக்காக கலெக்டராபீசுக்கு நாயா அலைஞ்சது நானு. பேருல மட்டும் உங்களுக்குப் பங்குங்களா?”

“சேந்தே இருக்கட்டும் புள்ளே” என்றான் அவன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த தேர்தலுக்கு அவனுக்கு அந்தச் சுவர் வேண்டியிருந்தது.

இப்போதும் வேண்டியிருக்கிறது.

“சார்,” என்றான் ரூபனிடம். “அவ பேரு இருக்கலாமுங்களா?”

“அவங்க வேட்பாளர் இல்லையே சார். தாராளமா இருக்கலாம்.”

“சின்னாண்ணா! எம்பேரை மட்டும் அழிங்க.”

மாரியப்பன் அவன் கையைப் பிடித்தார். “என்னங்க இது! வெறும் நிலான்னு இருந்தா, யாரு ஊட்டு நிலான்னு சனத்துக்கு எப்படிங்க தெரியும்?”

“தெரியலைன்னா போகட்டும்.”

சின்னான் தூரிகையை நனைத்தார். ‘அ’ முதலில் போயிற்று. பெயிண்ட் ஒழுகி அவள் பெயர் பக்கம் வந்ததைத் தோள் துண்டால் துடைத்தார். வேலை முடிந்ததும் மேலிருந்தே கேட்டார்: “ஓட்டு முடிஞ்சதும் மறுக்கா எழுதிப் போடலாமுங்களா சாமி?”

“வேண்டாங்கண்ணா.”

ஜீப் கிளம்பியது. வேனின் ஒலிபெருக்கியில், “உங்கள் வீட்டுப் பிள்ளை அறிவு, அறிவு” என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேலே ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றான். போன தேர்தலில் நிலா நின்ற இடப்பக்கம் காலியாக இருந்தது. கடுகடுத்த முகத்தோடு மாரியப்பன் அங்கே ஏறப் பார்த்தார்.

“நீங்க கீழயே வாங்க” என்றான் அறிவு.

வேன் நகர்ந்தது. ஊர்ச் சனம் வந்து நின்ற பக்கமெல்லாம் அவன் கும்பிட்டான்.