பக்கத்தில் நின்றவள்

விளம்பரப் பெனர் அச்சடிக்க வந்த அஸ்கி போனிலிருந்து அனுப்பிய நான்காவது படம் கொம்பியூட்டரில் திறந்ததும் றுஸ்னா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முதல் மூன்றிலும் ஒன்றுமில்லை. சம்மாந்துறை மைதானம், வரிசையாக நின்ற விளையாட்டுக் கழக இளைஞர்கள், வென்ற கிண்ணம். நான்காவது, கழகத்தின் புதிய தலைவர். சாம்பல் நிறக் கோட்டில் மாப்பிள்ளையாக மிஹ்லார் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுடைய இடது கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற மணப்பெண் றுஸ்னாதான்.

அஸ்கிக்கு அது தெரியவில்லை. படத்தில் இருந்தவளுக்கு நெற்றிச்சுட்டியும் முகம் நிறைய மேக்கப்பும். எதிரே கல்முனை அச்சுக்கடையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கறுப்பு அபாயாவும் தடித்த கண்ணாடியும்.

"இந்த நாலையும் ஒரே பெனராச் சேத்துத் தாங்க தங்கச்சி. மிஹ்லார் காக்கா நடுவுல பெரிசா வரணும்."

"இவருக்கிட்ட வேற போட்டோ இல்லயா?"

"கேட்டன். கோட்டுப் போட்டது இது ஒண்டுதானாம். பக்கத்துல நிக்கிறவவ வெட்டிடுங்க. அவங்க இப்ப ஒண்டா இல்ல."

"ஓம்" என்றாள் றுஸ்னா.

மாட்டேன் என்றிருக்கலாம். காரணத்தைச் சொன்னால், அண்ணன் முறையில் அவள் காக்கா என்றழைக்கும் கடைக்காரர் நளீமே வேலையை வாங்கிச் செய்திருப்பார். ஆனால் அவர் வெட்டினால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். அவர் கையால் தன்னை அப்படி வெட்டுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மைதானத்தை அடியில் பரப்பினாள். இளைஞர்களை முழங்காலுக்குக் கீழே மெல்ல மங்கச் செய்து புல்லோடு கரைத்தாள். வெயில் விழும் பக்கம் பார்த்துக் கிண்ணத்துக்கு நிழல் போட்டாள். பிறகு மிஹ்லார். முகம், கழுத்து, வலது பக்கம் எல்லாம் இலகுவாகப் பிரிந்து வந்தன. இடது கையில்தான் சிக்கல். மருதோண்டி இட்ட விரல்கள் கோட்டுத் துணியை இறுகப் பற்றியிருந்தன. அன்று படம் எடுத்தவன் இன்னும் நெருங்கச் சொல்லிக் கத்தியதும், புதுச் செருப்பு வழுக்கியதும், விழாமலிருக்க அவனைப் பிடித்ததும் நினைவுக்கு வந்தன. அவன் அசையாமல் நின்றுகொடுத்தான். அடுத்த வருடம் கட்டாரிலிருந்து போனெடுத்து, சரிவராது என்று சொன்னவனும் அவன்தான். வலது கையின் துணியைப் பிரதியெடுத்துத் திருப்பி, விரல்களின் மேல் ஒவ்வொன்றாக அப்பினாள். கடைசியில் சுண்டுவிரலும் மறைந்தது.

அஸ்கி குனிந்து பார்த்தான். "மாஷா அல்லாஹ்! ஆள் நிண்ட அடையாளமே இல்ல."

நளீம் காக்கா அச்சு இயந்திரத்தை ஓடவிட்டார். அஸ்கி தேத்தண்ணி குடிக்கப் போனான். றுஸ்னா அந்தக் கல்யாணப் படத்தை மூடப்போனவள், மூடவில்லை. பிரிவு முடிவான அன்று உம்மா கல்யாண அல்பத்தை அடுப்பில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மாங்காய்ப்பச்சைச் சாரியில் அவள் தன்னைப் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்திருக்கிறாள்.

படத்தை இன்னொரு தரம் பிரதியெடுத்தாள். இந்த முறை மிஹ்லாரை அழிக்கத் தொடங்கினாள்.

"புள்ள, அடுத்த ஓடர் வந்திரிக்கி."

"கொஞ்சம் பொறுங்க காக்கா. இது என்ட வேல."

நளீம் காக்கா திரையை எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அவள் முகத்தைப் பார்த்தார். வந்தவர்கள் உட்காரக் கதிரை எடுத்துப் போடப் போனார்.

அவனுடைய தோள் மறைத்திருந்த முந்தானையை, வெளியே தெரிந்த பட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிரப்பினாள். பின்னணிக்குப் பூக்களைப் போட்டுப் பார்த்தாள், கடலைப் போட்டுப் பார்த்தாள். இரண்டையும் எடுத்துவிட்டு வெறும் வெளிர்நீலம் போட்டாள். அந்த நீலத்தின் நடுவே சாரி கட்டிய ஒருத்தி ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, சிரித்தபடி நின்றாள்.