மேட்டூர் அக்கா

தர்மபுரி ஜவுளிக்கடையில் மாடிப்படி ஏறிய வலி முழங்காலை விட்டு இறங்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் காவியாவும் என் அக்கா ஜானகியும் முகூர்த்தப் பட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவை எடுத்துப் போட்டவர் அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்து ஜானகியிடம், "இது உங்க அம்மாவுக்கு நல்லா இருக்குங்க, வயசானவங்களுக்கு ஏத்த கலரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். ஜானகி என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

என்னை அக்கா என்றும் அவளைத் தங்கை என்றும் நினைப்பது ஊருக்குப் பழகிப்போன தப்பு. கல்யாண வீடுகளில் எனக்குத்தான் முதலில் பன்னீர் தெளிப்பார்கள். மூத்தவள் என்று என் கையில்தான் மஞ்சள் கிண்ணத்தைக் கொடுப்பார்கள். வயசைச் சொல்லித் திருத்துவதைவிட வாங்கிக்கொள்வது சுலபம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அம்மா என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. காவியா குனிந்து சிரித்தாள். ஜானகி சிரிக்கவில்லை, சட்டென்று வேறு புடவையை இழுத்து விலை கேட்டாள். அவளும் சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். பரிதாபப்பட்டாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. வீம்புக்கு அந்த அரக்குப் புடவையையே எடுத்துக்கொண்டேன்.

ஜானகிக்கு மட்டும் வயது ஏன் ஏறுவதில்லை என்பதற்கு எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். கவலையில்லாத வாழ்க்கை என்பார் என் வீட்டுக்காரர் குப்புராஜ். பக்கவாதத்தில் விழுந்த புருஷனைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டிவிட்டு, கோலைப் பிடித்து நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்தவள் அவள். அதெல்லாம் கவலைக் கணக்கில் சேராது போலிருக்கிறது. கல்மிஷம் இல்லாத மனசு என்பாள் என் நாத்தனார் செல்லம்மாள். என் அக்காவை எனக்குத் தெரியாதா? ஒரு பந்தியில் இவள் கேட்டும் ஓரகத்தி இவள் இலைக்குப் பாயசம் கொண்டுவராமல் போனதற்காக வருஷக்கணக்கில் அவளோடு பேசாமல் இருந்த மனசு அது. கற்றாழை, முருங்கைக்கீரை, வெறும் வயிற்றில் வெந்நீர் என்று காவியா போனில் பார்த்து ஒரு பட்டியலே சொல்வாள். எல்லோரும் சொல்லி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அது தண்ணீர்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்கும் பெரும்பாலைக்கும் நடுவில் மேட்டாங்காட்டில் இருக்கிறது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு எழுந்து நடக்க முடியாமல் போயிற்று. மேட்டூரிலிருந்து பெரியம்மா வந்து, அப்போதுதான் நடை பழகியிருந்த ஜானகியை, பிரசவம் ஆகும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனாள். பிரசவம் ஆயிற்று. நான் வந்தேன். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அம்மாவும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு அணையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, குழாயைத் திறந்தால் காவிரி. எங்களுக்கும் காவிரி தூரமில்லை. பஸ் ஏறினால் ஒகேனக்கல். ஆனால் அங்கே குதித்த தண்ணீர் எங்களைத் திரும்பிப் பாராமல் மேட்டூருக்குப் போய் ஜானகியின் வாயில்தான் விழுந்தது. நாங்கள் அடிபம்பு அடித்துக் குடித்தோம்.

அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல நாக்குக்கு ஒன்றும் கிடைக்காது. சில்லென்று இருக்கும், தெளிந்து இருக்கும். அது பல்லிலும் எலும்பிலும் வேலை பார்த்தது பிறகுதான் தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததால், பால் பல் வெள்ளையாகவும் பெரிய பல் பழுப்பாகவும் முளைப்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஜீப்பில் வந்தவர்கள் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த தடவை வந்து, இதில் ஃப்ளோரைடு அதிகம், குடிக்காதீர்கள் என்று பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பெயிண்ட் கையில் ஒட்டாமல் காயும்வரை காத்திருந்து நாங்கள் அதிலேயே குடம் பிடித்தோம். வேறு பம்பு எங்கே இருந்தது? காவிரிக் குழாய் எங்கள் தெருவுக்கு வந்தபோது என் முழங்கால் மடங்க மறுத்திருந்தது. அம்மா அதற்கு முன்பே கூன் விழுந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி, போய்ச் சேர்ந்திருந்தாள்.

கோடை லீவுக்கு ஜானகி வருவாள். மேட்டூர் பஸ் வருவதற்கு முன்பே அம்மா போய்ப் புளியமரத்தடியில் நிற்பாள். கவுன் போட்டுக்கொண்டு, எண்ணெய் வழியாத தலையோடு இறங்குகிறவளை நான் மேட்டூர் அக்கா என்று கூப்பிடுவேன். எத்தனையோ அக்காக்கள் இருந்து இவள் மேட்டூர்க்காரி என்பதுபோல. சாயங்காலம் மூன்று பேரும் கடலைச்செடிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வோம். அப்போது அம்மா பேசுகிற பேச்சு இருக்கிறதே, வெளியில் அவளைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். பஸ் கண்டக்டர் மூக்கால் பேசுவதையும், பங்காளி பச்சியப்பன் கடன் கேட்க வந்தால் முதலில் மாட்டை நலம் விசாரிப்பதையும் நடித்துக் காட்டுவாள். காட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் அவளே சிரித்துவிடுவாள். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் அடித்துக்கொண்டு, ஈறுவரை தெரிய அத்தனை பழுப்புப் பல்லும் காட்டிச் சிரிப்பாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், முந்தானை வாய்க்கு வந்துவிடும்.

முந்தானையைப் பிடிக்கிற கை எனக்கும் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கல்யாண போட்டோவில் யாரோ அடித்துக் கூட்டிவந்த மாதிரி நிற்கிறேன். காவியாவின் நிச்சயதார்த்தப் படங்கள் வந்தபோது எல்லாவற்றிலும் நான் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை நவநீதன் வீட்டில், உங்க அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் காவியா பல் ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். முன்பல் ஆறையும் கொஞ்சம் தேய்த்து, மேலே வெள்ளையாக உறை போட்டுவிடுவார்களாம். என் கல்யாணத்துல நீ சிரிச்சிட்டு நிக்கணும்மா, எனக்கு வேற சீர் எதுவும் வேணாம் என்றாள். பயந்துகொண்டேதான் சரி என்றேன். உள்ளுக்குள் ஆசையாக இருந்தது. இந்த வயதில் கண்ணாடி முன்னால் நின்று, வெள்ளைப் பல்லோடு எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜவுளிக்கடைக்குப் போனதற்கு மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தார்கள்.

கடையிலிருந்து பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, நான் அடுப்பில் பாலை வைத்தபோது ஜானகி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பல்லுல கை வெக்காத பானு என்றாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி எனக்குக் கோபம் வந்தது.

"நீ சொல்லுவ. வெள்ளப் பல்லு வெச்சிருக்கிறவங்க என்ன வேணா சொல்லலாம். கடையில ஒருத்தன் என்னைய உனக்கு அம்மான்றான். நீ காவிரித் தண்ணி குடிச்ச, நான் எலும்பக் கரைக்கிற தண்ணி குடிச்சேன். இப்பவாச்சும் நான் ஒரு நாள் மனுசி மாதிரி சிரிக்கறது உனக்குப் பொறுக்கலையா?"

அவள் வந்து பால் பொங்குவதற்குள் அடுப்பைத் தணித்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"லீவுக்கு வந்தா நான் அந்தப் பைப்புலயே வாய வெச்சிக் குடிப்பனே, எதுக்குன்னு நெனச்ச? நீயும் அம்மாவும் சிரிச்சா ஒரே மாதிரி இருக்கும். எனக்கும் அப்படி வரணும்னுதான் வயிறு முட்டக் குடிச்சேன். குடிச்சிட்டுப் போயி வூட்டுக்குள்ள கண்ணாடில பாப்பேன். ஒரு லீவுலயும் வரல."

நான் பம்பு அடிக்க, அவள் கவுன் நனைய வாய் வைத்துக் குடித்தது எனக்கு நினைவிருக்கிறது. மேட்டூரில் இவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள் போல என்று நான் பாவப்பட்டிருக்கிறேன்.

"அம்மா சிரிக்கிற மாதிரி நம்மகிட்ட ஒரு போட்டோ இருக்குதா?" என்று கேட்டாள். இல்லை. ஓட்டர் கார்டுக்கு எடுத்ததைப் பெரிசாக்கி மாட்டியிருக்கிறோம். அதில் உதடு ஒட்டிக்கொண்டிருக்கும். "நீ அவகூடவே இருந்த. எனக்கு லீவுதான். அம்மா முகம் எனக்கு மறந்துட்டே வருது பானு. நீ எப்பவாச்சும் மறந்துபோயி சிரிப்ப பாரு, அப்பதான் அவ வரா."

அம்மா என்றாள். பெரியம்மாவைத்தான் அவள் அம்மா என்பாள். எங்கள் அம்மா அவளுக்குக் கடைசிவரை சித்தி. பாடையைத் தூக்கியபோதும் சித்தி சித்தி என்றுதான் அழுதாள். அந்த ஒரு சொல்லுக்கு என் கோபமெல்லாம் போயிருக்க வேண்டும். போகவில்லை. உனக்கு ஞாபகம் வரணும்னு நான் மேடையில வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமா என்று கேட்டேன். கேட்டது தப்பென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. பாலை மூன்று டம்ளரில் ஊற்றினோம்.

காலையில் ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள், வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் காவியாவைவிட நாலைந்து வயது பெரிய பெண், பொறுமையாகப் பேசினாள். சாய்கிற நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கையில் பிடி வைத்த ஒரு கண்ணாடியைக் கொடுத்து, எந்தெந்தப் பல் என்று காட்டினாள். தேய்த்த பிறகு பழையபடி ஆக்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். யோசிச்சாச்சுங்க என்றேன். அப்படியானால் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ வேண்டும், பல் தெரியச் சிரியுங்கள் என்று கேமராவை எடுத்தாள்.

சிரிக்க வரவில்லை. உதடு தானாக ஒட்டிக்கொண்டது. கை முந்தானையைத் தேடியது, அதன்மேல் அவர்கள் நீல நிறத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். சும்மா சிரிங்கம்மா, இங்க யாரு இருக்காங்க என்றாள் டாக்டர். காவியா ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது, நவநீதன். வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்வதற்கே தெருக்கோடிவரை கேட்கக் கத்துகிறவள், கண்ணை மூடிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி ஒரு குரலில், "சாப்ட்டீங்களாங்க?" என்றாள். பஸ்ஸில் வரும்போதுதான் அதையே கேட்டு முடித்திருந்தாள். மணி பத்தரை. அவர் என்ன சொன்னாரோ, "அய்யோ, எத்தன இட்லிங்க?" என்று கவலையோடு கேட்டாள்.

நான் ஜானகியைப் பார்த்தேன். ஜானகி என்னைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. எனக்கு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. நாற்காலியில் தலை பின்னால் சாய, காலை உதைத்துக்கொண்டு சிரித்தேன். கேமரா சொடுக்குகிற சத்தம் கேட்டது. சிரிக்கிறபோது யாராவது கண்ணாடியைப் பார்ப்பார்களா? நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. என் கையில் இருந்த கண்ணாடி எப்படியோ முகத்துக்கு நேராக வந்திருந்தது. அதில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் இடுங்கி, கண் காணாமல் போய், ஈறுவரை அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை, நிறுத்தவும் மனசில்லை.

ஜானகி எப்போது நாற்காலிக்குப் பின்னால் வந்தாள் என்று தெரியாது. அவள் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேல் குனிந்து, என்னைப் பார்க்காமல் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்கம்மா. கண்ணாடியக் குடுங்க, ஆரம்பிக்கலாம்" என்று டாக்டர் கையை நீட்டினாள்.

கண்ணாடியின் பிடியில் என் கை இருந்தது. அதற்கு மேல் ஜானகியின் கை வந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டாக்டர் நீட்டிய கையோடு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் விடவில்லை.