கடல் யார் வீட்டுக்கு?

அப்பா விட்டுப்போன ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்துக்காக அக்காவும் தம்பியும் சில மாதங்களாக முட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழசு. கடற்கரை, பாறை, கரையேற்றிய படகுகள், தண்ணீருக்கு மேல் மஞ்சளாக ஒரு வட்டம். அது காலைச் சூரியன் என்பது தம்பியின் கட்சி. அவன் பல் டாக்டர். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களுக்கு எதிரே மாட்டினால் பாதி வலி மறந்துபோகுமாம். அக்காவோ சாயங்காலம் என்று சாதித்தாள். அவளுடைய புது ஃபிளாட்டில் ஹால் ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்தான். அந்த ஹாலுக்கு இந்தக் கடல் வேண்டும். அதைத் தம்பியிடம் சொன்னால் கெஞ்சுவது போல் ஆகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு பந்தயம். படத்தைச் சுத்தம் செய்யக் கொடுப்பது. காலை என்று தெரிந்தால் தம்பிக்கு, மாலை என்றால் அக்காவுக்கு.

பழைய ஓவியங்களைச் செப்பனிடும் பெண்ணின் பட்டறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. அவள் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, படத்தின் மூலையில் தேய்த்தாள். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எச்சில் தொட்டா துடைப்பாள் என்று தம்பியின் காதைக் கடித்தாள்.

"எச்சிலைக் கேவலமா நினைக்காதேக்கா. அதைத் துப்பச் சொல்லித்தான் என் பொழைப்பே ஓடுது," என்றான் தம்பி.

மேலே படிந்த புகைக்கு எச்சில் போதும், அடியில் மஞ்சளேறிய வார்னிஷுக்குத்தான் மருந்து என்று விளக்கிய அந்தப் பெண், அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அடுத்த வாரம் இருவரும் போய்ப் பார்த்தார்கள். மஞ்சள் போன இடத்தில் கருநீல வானம். அலைமேல் வெள்ளிக் கோடு. அந்த வட்டம் வெள்ளை வெளேரென்று நிலா. இத்தனை காலம் வார்னிஷ்தான் அதைச் சூரியனாக்கி வைத்திருந்தது.

அக்காதான் முதலில் சுதாரித்தாள்.

"சாயங்காலம் முடிஞ்சாத்தானேடா நிலா வரும்? அப்போ நான்தான் ஜெயிச்சேன்."

"நிலா போனாத்தானேக்கா விடியும்? அப்போ நான்தான்."

செப்பனிடும் பெண் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினாள். தம்பி படத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கினான். அக்கா சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிக்காத்த கௌரவம் காற்றில் பறந்தது.

"எனக்குச் சூரியனும் வேண்டாம், சந்திரனும் வேண்டாம்டா. புது வீட்ல ஜன்னலைத் திறந்தா குழாய்தான் தெரியுது. பார்க்க ஒரு கடல் வேணும், அவ்வளவுதான்."

தம்பி அவளையே பார்த்தான். சண்டையைச் சாக்கிட்டு அவன் இன்னும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீ வந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

படத்தை அவளிடம் கொடுத்தான். நிலாவைக் காட்டினால் வருகிறவர்கள் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்கள் என்று தனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

அன்று மாலையே ஆணியும் சுத்தியலுமாக அக்கா வீட்டில் நின்றான். பல்லில் துளை போடுகிறவனுக்குச் சுவரில் கை வரவில்லை. காரை பெயர்ந்து கொட்டியது. ஒருவழியாக ஆணி இறங்கியதும் படத்தை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தான். சட்டம் ஒரு பக்கமாக நன்றாகவே சாய்ந்திருந்தது.

"தண்ணி பூரா உன் சோபாவுல கொட்டப்போகுதுக்கா."

"கொட்டட்டும் போடா," என்ற அக்கா, கடலைப் பார்த்தபடியே அந்தச் சோபாவில் தம்பிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.