மூன்று முறை கூப்பிட்டாயிற்று

விடிந்ததும் வந்து பூட்டைத் திறந்த சங்கு, முதலில் நீதிபதியின் மேஜையைத் துடைத்தார். அதன் ஆடுகிற காலுக்கு மடித்த அட்டையை முட்டுக்கொடுத்தார். சாட்சிக் கூண்டில் காய்ந்து கிடந்த புறா எச்சத்தைச் சுரண்டி எடுத்தார். பிறகு மாடி வாசலுக்கு வந்து, தோளில் குறுக்காகத் தொங்கிய சிவப்புப் பட்டையை நேராக்கிக்கொண்டு வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தார். தொண்டைக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

சங்கு என்று பேர் வந்ததே அந்தத் தொண்டையால்தான். நகராட்சிக் கட்டிடத்தின் மாடியில் நீதிமன்றம், கீழே நகராட்சி அலுவலகம். வழக்குக்கு வந்தவர்கள் முற்றத்தில்தான் காத்திருக்க வேண்டும். மாடி வாசலில் நின்று அவர் ஒருவர் பேரை மூன்று முறை கூப்பிட்டால், சாலைக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். மூன்றாவது கூப்பாட்டுக்கும் வராதவன் வராதவன்தான். அவன் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நீதிபதி வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் பக்கத்து ஊர்கள் அவரைப் பங்கு போட்டுக்கொள்ளும். தலைமை எழுத்தரும் தட்டச்சு அம்மாளும் மன்றத்து ஆட்கள். வழக்குப் போடுகிற சுகாதார ஆய்வாளர் கீழ் அலுவலகத்து ஆள். கூப்பிடுவதற்கு மட்டும் யாரும் ஆள் ஒதுக்கவில்லை. அதனால் குடிநீர்ப் பிரிவில் வால்வு திருகிக்கொண்டிருந்த சங்குவைத் தற்காலிகமாக மேலே அனுப்பினார்கள். அப்போது அவர் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். தற்காலிகம் இன்னும் முடியவில்லை.

தொண்டையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இப்போதே எடுத்தால் சின்ன வேலை. தள்ளிப்போட்டால் குரலே போய்விடும். எடுத்தபிறகு ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது. சங்கு சம்பளத்தோடு மருத்துவ விடுப்புக் கேட்டுப் போனார்.

"சங்குக்கே சங்கு ஊதிட்டாங்களாய்யா?" என்று சிரித்தார் தலைமை எழுத்தர். "லீவு நான் எப்படிக் குடுக்கிறது? உனக்குச் சம்பளம் கீழேருந்துதானே வருது. அங்க போ."

கீழே மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ வேலை பாக்கிறது மேல. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் பாக்க முடியும். சும்மா என் உயிரை வாங்காத, மேல போ."

படியில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தது. வீட்டில் மனைவி சோற்றைத் தட்டில் போட்டபடி சொன்னாள்: "மேலயும் உங்களைத் தெரியாதுங்கிறான், கீழயும் தெரியாதுங்கிறான். அந்தப் படிக்கட்டுதான் உங்களுக்குச் சம்பளம் குடுக்குது போல. அதுகிட்டயே லீவு கேளுங்க."

அந்த வாரம் மன்றத்தில் கூட்டம். நடைபாதையை அடைத்தாள் என்று ஒரு பழவண்டிக்காரி மேல் வழக்கு. வண்டியைப் பிடித்து வந்து முற்றத்தின் கடைக்கோடியில், குப்பை லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். யாராவது சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவள் காலையிலிருந்தே வண்டியை விட்டு நகரவில்லை.

சங்கு அவள் பேரைக் கூப்பிட்டார். முதல் கூப்பாடு வாசற்படியைத் தாண்டியது. இரண்டாவது பாதியில் உடைந்தது. மூன்றாவதுக்கு வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. திரும்பிப் பார்த்தார். தலைமை எழுத்தர் அதற்குள் அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆள் வரலைங்க ஐயா," என்றார் எழுத்தர், நீதிபதியிடம்.

அபராதம், வண்டி பறிமுதல் என்று நீதிபதி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வழக்கு வந்துவிட்டது.

யாரோ சொல்லி, அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயா, விடிஞ்சதுலேருந்து இங்கயேதான் கெடக்கேன். என்னை யாருமே கூப்பிடலையே!"

"மூணு தடவை கூப்பிட்டாச்சும்மா," என்றார் தலைமை எழுத்தர்.

அவள் சங்குவைப் பார்த்தாள். "அண்ணே, கூப்பிட்டீங்களா? உங்க கொரலு எனக்குக் கேக்காமலா போவும்? சத்தியமாச் சொல்லுங்க."

பட்டையின் ஓரத்தைச் சங்கு விரலால் நெருடினார். கூப்பிட்டேன் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். அது பொய்யும் இல்லை.

"கூப்பிட்டேன் ஐயா," என்றார், நீதிபதியைப் பார்த்து. கரகரவென்று முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. "ஆனா அந்தம்மாவுக்குக் கேட்டிருக்காது. எனக்குத் தொண்டை சரியில்லை. மூணாவது தடவை சத்தமே வரலை."

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவர் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

"சத்தம் வரலைன்னா எதுக்கு அங்க நிக்கிறே?" என்றவர் எழுத்தரிடம் திரும்பினார். "சொன்ன உத்தரவு சொன்னதுதான். அந்தம்மாவை முறைப்படி மனுப் போடச் சொல்லுங்க. இவரை என்னன்னு விசாரிங்க."

அந்த வாரம் முடிவதற்குள் சங்குவைத் தற்காலிக வேலைநீக்கம் செய்து தாள் வந்தது. கடமையில் அலட்சியம். அடியில் மன்றத்து முத்திரையும் நகராட்சி முத்திரையும் ஒட்டிப் பிறந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அட, இப்ப மட்டும் ரெண்டு பேருக்கும் உங்களைத் தெரிஞ்சிருச்சே," என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "எப்படியோ லீவு கெடைச்சிருச்சு. போய்க் கட்டியை எடுத்துட்டு வாங்க," என்று காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள்.

விசாரணைக்கு வரச் சொன்ன நாளில், கட்டியை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சங்கு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பழவண்டிக்காரியும் மனுவுக்காக வந்திருந்தாள். வண்டி இப்போது நாலு செங்கல் மேல் நின்றது. சக்கரங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்னால உங்க பொழப்புல மண்ணு விழுந்துதேண்ணே," என்றாள். சங்கு இல்லை என்று கையை ஆட்டி, கட்டியை எடுத்தாயிற்று, பேசக் கூடாது என்று சைகை காட்டினார்.

குடிநீர்ப் பிரிவிலிருந்து தற்காலிகமாக வந்திருந்த புது ஆள், அதே சிவப்புப் பட்டையை ஊக்கு குத்திச் சிறிதாக்கி மாட்டிக்கொண்டு, சங்குவின் பேரை மூன்று முறை கூப்பிட்டான். சங்கு படியேறினார்.

உள்ளே தலைமை எழுத்தரும் மேலாளரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு என்னய்யா நடந்துச்சு? சொல்லு."

சங்கு தொண்டையைத் தொட்டுக் காட்டி, சீட்டை நீட்டினார். எழுத்தர் படித்துவிட்டு மேலாளரிடம் கொடுத்தார். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஆபீசுக்கு எழுதினது? யாருக்குன்னு போடலையே."

சீட்டு மறுபடி சங்குவின் கைக்கே வந்தது.

"வாயைத் தொறந்து சொல்லுய்யா. நாங்க எழுதணுமில்ல?"

சங்கு சீட்டைத் திரும்பவும் நீட்டினார்.

எழுத்தர் தட்டச்சு அம்மாள் பக்கம் திரும்பினார். "விளக்கம் கேட்டதுக்குப் பதில் சொல்லலைன்னு அடிங்கம்மா."

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. தெருத் தெருவாகப் பழம் கூவி விற்ற குரல். "ஐயா, அவருக்கு ஆபரேசன் பண்ணிருக்குய்யா! பேசக் கூடாதுய்யா! உண்மையச் சொன்னது ஒரு குத்தமாய்யா?"

எழுத்தர் நிமிராமலே கேட்டார்: "உன்னை யாரும்மா கூப்பிட்டது? கூப்பிடும்போது வா. கீழ போய் நில்லு."

புது ஆள் அவளைப் படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் சங்குவும் இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் செங்கல் மேல் நின்ற வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தார். குப்பை லாரி உறுமிக் கிளம்பியது. மாடி வாசலில் புது ஆளின் வாய் அசைவது தெரிந்தது. இருவரும் கழுத்தை நீட்டி, அது யார் பேர் என்று கேட்கப் பார்த்தார்கள்.