பதினொரு நிமிடங்கள்

ஆக்ஸிஜன் மெஷினின் சுவிட்சில் விரலை வைத்தபடி ஜெனிட்டா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மாக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடும், நைனா.”

“அது சர்ச்சுல பாடிகினு கீது. பாத்ரூம் போம்போது கொழாயைக் கழட்டலியா நானு? ரெண்டே நிமிசம். இந்த மெசினு எரைச்சல்ல இன்னா கேக்குது, சொல்லு.”

உண்மைதான். மெஷினின் மோட்டார் ஹெட்போனுக்குள் புகுந்து கரகரத்துக்கொண்டிருந்தது. ரேடியோ ஒன்று, ஹெட்போன் இரண்டு. கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற பெஞ்சமினும் மகளும் ஆறு வருடங்களாக இப்படித்தான் ஹாம் ரேடியோவின் மோர்ஸ் தந்திப் போட்டிகளில் உட்கார்ந்தார்கள். எங்கோ ஒருவர் தட்ட, இவர்கள் பதில் தட்டி, ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்து வாங்கி லேப்டாப்பில் பதிய வேண்டும். தட்டுவது எப்போதும் நைனா, பதிவது ஜெனிட்டா. இந்த வருடம் அவர் விரலில் தட்டும் வலு இல்லை. முதல்முறையாக அவள் தட்டினாள்.

அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஓர் ஓசை மினுங்கியது.

“சிலி நாட்டு ஆளு,” என்றார் நைனா, கண்ணை மூடியபடி. “நான் இதுவரிக்கும் புடிச்சதில்ல.”

அவள் சுவிட்சை அணைத்தாள்.

கடல் சட்டென்று பின்வாங்கி ஈரமணல் தெரிவதுபோல் எல்லாம் துலங்கியது. உலகத்தின் அடுத்த பக்கத்திலிருந்து அந்தக் குரல் மெலிதாக, தெளிவாக வந்தது. குரல்கூட இல்லை, வெறும் ஓசைதான். ஆனாலும் அவளுக்குக் குரலாகவே கேட்டது. தட்டினாள். சிலிக்காரன் திருப்பித் தட்டினான். எண்ணின் கடைசி இலக்கம் நழுவியது. மறுபடி கேட்டாள். கிடைத்தது. அவள் அலைவரிசையை விடுமுன் இன்னொருவர் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள். மாடியிலிருந்து சவுக்கு மரத்துக்குப் போகும் ஒற்றை ஆன்டெனாக் கம்பியில் உலகமே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. நைனாவின் சுட்டுவிரல் போர்வையின்மேல் அவளோடு கூடவே அசைந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

விரல் நின்றதும்தான் அவள் திரும்பினாள். நைனாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

மெஷின் மறுபடி கரகரத்தது. நைனா மெல்ல மெல்ல மூச்சை எட்டிப் பிடித்தார். லேப்டாப் நேரப்படி, மெஷினை அணைத்ததிலிருந்து மூன்றாவது ஆளைப் பதிந்தது வரை பதினொரு நிமிடங்கள்.

“ஏன் நைனா கூப்பிடல?”

“நீ வேலையா இருந்தியே,” என்றார்.

ஒன்பது மணிக்கு அம்மா விஜயகுமாரி சர்ச்சிலிருந்து வந்து டீ போட்டாள். ஜெனிட்டா இட்லி வாங்கக் கடைக்குப் போனாள். நைனா அரை டம்ளர் குடித்தார். மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார். வந்து பார்த்த டாக்டர், இன்றோ நாளையோ என்றுதான் இருந்தது என்றார். அது ஜெனிட்டாவின் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஹாலில் ஐஸ் பாக்ஸ். ஐந்து மணிக்குக் கல்லறைக்கு எடுப்பதாக இருந்தது. கோவளத்து உறவுகள் வேனில் வந்து இறங்கி, அழுது, டீ குடித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு, நைனாவின் ரேடியோ நண்பர் சீனு வந்தார். குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார்.

“அண்ணாத்த சொல்லாம பூட்டாரே,” என்றார். பிறகு ஜெனிட்டாவிடம், “நாலு மணிக்கு நம்ம ஆளுங்க அத்தினி பேரும் ஒரே அலைவரிசைல இருப்பாங்கம்மா. அவரோட ரேடியோப் பேரு, அந்தக் கால் சைனை மூணு வாட்டி கூப்புடுவாங்க. யாரும் பதில் குடுக்கக் கூடாது. கடைசி மரியாதை. இங்க ரேடியோவைப் போடுறியா?”

அவள் ரேடியோவை ஹாலுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தாள். ஐஸ் பாக்ஸின் மோட்டார் இரைச்சல் ஸ்பீக்கரை நிரப்பியது.

“இதுல கேக்காது. ரெண்டு நிமிசம் நிறுத்தலாமா?” என்றார் சீனு.

ஜெனிட்டா சுவிட்சைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“ஆஃப் பண்ணேன்டீ,” என்றாள் அம்மா.

“வேணாம்மா.”

“ஏன்?”

ஜெனிட்டா அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “நேத்து நீ சர்ச்சுல இருந்தப்போ மெஷினை நிறுத்தினேன். ரெண்டு நிமிஷம்னாரு. நான் மறந்துட்டேன்மா. பதினொரு நிமிஷம்.”

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்,” என்றாள் அம்மா. “டீ குடிக்கும்போது சொன்னாரு. எம்பொண்ணு தனியா சிலியைப் புடிச்சான்னு. எனக்குச் சிலி எங்க கீதுன்னுகூடத் தெரியாது. மூணு வாட்டி சொன்னாரு. மெஷினை நிறுத்துனதையும் சொன்னாரு. பாப்பாவை ஏதும் கேக்காதன்னாரு. அதான் கேக்கல.”

பிறகு அம்மாவே கையூன்றி எழுந்து போய் ஐஸ் பாக்ஸின் சுவிட்சை அணைத்தாள்.

ஹால் அமைதியானது. வாசலில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்பீக்கரில் நைனாவின் கால் சைன் நிதானமாக வந்தது. ஓர் இடைவெளி. மறுபடி வந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு, யாரும் தட்டாத வெற்று அலைவரிசை மட்டும் லேசாக மூச்சுவிடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனிட்டாவின் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. சரியாக இரண்டாவது நிமிடத்தில் எழுந்து ஐஸ் பாக்ஸின் சுவிட்சை நோக்கிப் போனாள்.

“இருக்கட்டும்டீ,” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்ச நேரம்.”

பெட்டிக் கண்ணாடியின் மேல் நீர் பூத்திருந்தது. அம்மா அதைப் புடவைத் தலைப்பால், நைனாவின் முகத்துக்கு நேராக மட்டும், வட்டமாகத் துடைத்தாள்.